மொழியின் தாயகமும் நிலமும் பொழுதும்

திருகோணமலைக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவைச் சுற்றி மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் கரையோரப் பாதையில் வெருகல் என்னும் ஊர் உள்ளது. மத்திய மலைநாட்டிலே பிறந்து 335 கிலோமீற்றர் தூரம் ஓடிவரும் மகாவலி கங்கை, கடலை அணுகும்போது கிளைகளாகப் பிரிகின்றது. அக்கிளைகளுள் ஒன்றே வெருகல் ஆறு. ஆற்றங்கரையிலே சித்திர வேலாயுத சுவாமி கோயில், சுற்றிலும் வயலும் பற்றைக்காடும், கிழக்கே கடல். ஐப்பசி பிறந்து வாடைக் காற்று எழுந்தால் மாரி தொடங்கும். மலைநாட்டு வெள்ளமும் கரையோர மழையும் ஒருங்கு சேரும் ஆண்டுகளில் ஆறு கரைபுரண்டு வயலையும் வழியையும் மூடிவிடும். வைகாசிக்குப் பின்னர் கச்சான் வீசும், நிலம் வெடிக்கும். இவ்வூர் உழவன் உள்ளத்திலே பதிந்த பொழுதுகள் மாரியும் கோடையும் ஆகிய இரண்டே.

இவ்வூரில் வானத்திலிருந்து வெண்பனி பொழிந்ததாக வரலாறும் இல்லை, கதையும் இல்லை. ஆயினும் இங்குள்ள பள்ளிச் சிறுவன் இமயம் என்னும் சொல்லை அறிவான். ஹிமம் என்னும் வடசொல்லிலிருந்து அது வந்ததெனவும் ஆசிரியர் சொல்லக் கேட்டிருப்பான். ஆற்றின் மேற்புறத்தே வாழும் சிங்கள மக்களின் மொழியிலும் வெண்பனிக்கு ஹிம என்பதே பெயர். பனி பெய்யாத தீவிலே பனிக்குச் சொல் எங்ஙனம் வந்தது? இச்சிறு வினாவின் பின்னே, சென்ற இருநூறு ஆண்டுகளாக உலகத்து மொழியறிஞரை வருத்திவரும் பெருவினா ஒன்று நிற்கின்றது. அஃதாவது, இந்தோ-ஐரோப்பிய மொழிகள் யாவற்றுக்கும் தாயான அந்தப் பழைய மொழி, முதன்முதல் எந்த நிலத்தில், எந்த வானத்தின் கீழ்ப் பேசப்பட்டது என்பதே.

1786ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள், கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் முன் வில்லியம் ஜோன்ஸ் உரையாற்றியபோது, சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே ஊற்றிலிருந்து பெருகியிருத்தல் வேண்டும் என்றும், அவ்வூற்று இன்று மறைந்து போயிருக்கலாம் என்றும் கூறினார். 1813இல் தோமஸ் யங் என்பார் இக்குடும்பத்துக்கு இந்தோ-ஐரோப்பியம் என்று பெயரிட்டார். தமிழும் அதன் உடன்பிறந்த தென்மொழிகளும் இக்குடும்பத்தைச் சேராத தனிக்குடும்பம் என்பதை 1816இல் எல்லிசும், 1856இல் விரிவாகக் கால்டுவெலும் நாட்டினர். சிங்களம் இந்தோ-ஐரோப்பியத்தின் இந்திய-ஆரியக் கிளையைச் சேர்ந்தது என்பதை ஜெர்மானிய அறிஞர் வில்லெம் கைகர் ஐயத்துக்கு இடமின்றி விளக்கினார். ஆகவே, வடமேற்கே ஐஸ்லாந்துத் தீவில் ஒரு முனையும், தென்கிழக்கே இலங்கைத் தீவில் மறுமுனையுமாக நீண்டு கிடக்கும் பெருங்குடும்பம் ஒன்றின் எல்லைக்கோடு, வெருகல் ஆற்றங்கரையை ஒட்டியே செல்கின்றது எனலாம்.

தாய்மொழி எழுதப்படவில்லை, அதைப் பேசியவர் கல்வெட்டு எதனையும் விட்டுச் செல்லவில்லை. எனினும் பிள்ளைகள் வீட்டில் கிடக்கும் பழம்பொருள்களைக் கொண்டு பெற்றோர் வாழ்ந்த வீட்டை ஒருவாறு ஊகித்தல் கூடும் அன்றோ? பல கிளைமொழிகளிலும் ஒத்து வழங்கும் சொற்களைத் திரட்டி, அவற்றின் மூலவடிவை ஒலி விதிகளின்படி மீட்டு, அச்சொற்கள் குறிக்கும் மரமும் விலங்கும் பருவமும் ஒருங்கே அமைந்த நிலம் எதுவெனத் தேடுவதே அறிஞர் கைக்கொண்ட நெறி.

இந்நெறி தமிழ் மாணவனுக்குப் புதியதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவற்றின் வழியே தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, தொழில், யாழ் ஆகிய கருப்பொருள்கள் அமையும் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. ஒரு செய்யுளில் நிலத்தின் பெயர் சொல்லப்படாவிடினும், குறிஞ்சிப் பூவும் தினையும் வந்தால் அது மலைநாடு எனவும், சுறாவும் உப்பும் வந்தால் அது நெய்தல் எனவும் படிப்பவன் தெளிகின்றான். ஐரோப்பிய அறிஞர் செய்ததும் இதுவே. வேறுபாடு யாதெனின், தமிழ்ப் புலவர் கையில் செய்யுள் இருந்தது; இவர்கள் கையில் சிதறிய சொற்களே இருந்தன.

முதலிற் பொழுதை நோக்குவோம். கூதிர்க்காலக் கடுங்குளிரைக் குறிக்கும் சொல் இக்குடும்பத்தின் ஏறத்தாழ எல்லாக் கிளைகளிலும் உள்ளது. சமஸ்கிருதத்தில் ஹிம, ஹேமந்த, இலத்தீனில் ஹியெம்ஸ், கிரேக்கத்தில் கெய்மோன், ருசிய மொழியில் சிமா, லித்துவேனிய மொழியில் சியெமா. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மண்ணுள் மறைந்து, சென்ற நூற்றாண்டிலே களிமண் ஏடுகளிலிருந்து மீண்ட ஹித்தைத்து மொழியிலும் கிம்மந்த என வருகின்றது. தற்செயலாய் இத்தனை மொழிகள் ஒத்துப்போதல் இயலாது. ஆகவே தாய்மொழி பேசியோர் குளிர்காலம் என்ற ஒன்றை நன்றாக அறிந்திருந்தனர். வெருகலைப் போல மாரியும் கோடையுமே உள்ள நாட்டில் அச்சொல் தோன்றியிராது.

வெண்பனி விழுதலைக் குறிக்கும் மற்றொரு சொல்லும் உண்டு. ஆங்கிலத்தில் ஸ்நோ, ருசியத்தில் ஸ்நியெக், இலத்தீனில் நிக்ஸ் என வரும் அச்சொல்லுக்குச் சமஸ்கிருதத்தில் உறவு எங்கே எனத் தேடிய அறிஞர் சிலர், ஸ்நேகம் என்னும் சொல்லை அதன் உடன்பிறப்பாகக் கருதுவர். ஒட்டிக்கொள்வது என்பதே மூலப்பொருள். குளிர்நாட்டிலே நிலத்தில் ஒட்டுவது பனி, வெப்ப நாட்டிலே கையில் ஒட்டுவது எண்ணெய், மனத்தில் ஒட்டுவது அன்பு என்பது அவர் கூற்று. ஸ்நேகமே தமிழில் நேயம் என ஆயிற்று என்பர். நெய் என்னும் தமிழ்ச் சொல்லோடு அதனைப் பொருத்துவாரும் உளர். முன்னவர் கொள்கை உண்மையாயின், வானொலி நேயர் என்று ஒருவரை அழைக்கும்போதெல்லாம் வடநாட்டுப் பனித்துளி ஒன்று அச்சொல்லினுள்ளே உறைந்து கிடக்கின்றது.

இவற்றினும் சுவையான சான்று, ஆண்டைக் கணக்கிடும் முறையிலே கிடைக்கின்றது. இருக்கு வேதத்தில் நீண்ட வாழ்நாளை வேண்டுவோர் நூறு ஹிமங்கள் வாழ வேண்டுமெனக் கேட்கின்றனர். அஃதாவது, கடந்த குளிர்காலங்களை எண்ணி வயதைச் சொல்லும் வழக்கம். அதே வேதத்தில் நூறு சரத்துக்கள் வாழ்தல் என்ற வேண்டுதலும் உண்டு. சரத் என்பது மழை ஓய்ந்த பின் வரும் தெளிந்த காலம். பஞ்சாபத்துச் சமவெளியிலே விளைச்சல் காணும் காலம். அதன் பின்னெழுந்த நூல்களிலோ ஆண்டுக்கு வர்ஷம் என்னும் பெயர் வந்துவிடுகின்றது. வர்ஷம் என்றால் மழை. குளிரால் எண்ணியவர், சரத்தால் எண்ணி, பின்னர் மழையால் எண்ணத் தலைப்பட்டனர். ஆயிரம் ஆண்டுக்காலப் பயணத்தை, வடக்கிலிருந்து தெற்கே பருவக்காற்று நாட்டுக்கு வந்த பயணத்தை, மூன்று சொற்கள் வரிசையாகச் சொல்லிவிடுகின்றன. எந்த அரசனின் வெற்றிப் பட்டியலும் இதைப்போலத் தெளிவாகப் பேசுவதில்லை.

அந்த வர்ஷமே தமிழில் வருடம் ஆயிற்று. சிங்களத்தில் மழைக்கு வழங்கும் வெஸ்ஸ என்பதும் அதுவே. மாரி பொய்த்தால் பெரும்போகம் பொய்க்கும். பெரும்போகம் பொய்த்தால் அந்த ஆண்டே பொய்க்கும் என அறிந்த கிழக்கிலங்கை உழவனுக்கு, மழையின் பெயரால் ஆண்டை அழைத்தல் வியப்பாய் இராது.

ஈரானியரின் பழைய சமய நூலாகிய அவெஸ்தாவின் ஒரு பகுதி, ஆரியரின் முதல் நாட்டில் பத்து மாதம் குளிர், இரண்டு மாதமே கோடை என்று கூறுகின்றது. இதனையும், வைகறைத் தெய்வமாகிய உஷையைப் பாடும் வேதப் பாடல்களில் விடியல் மிக நீண்டதாய்த் தோன்றுவதையும் கொண்டு, பாலகங்காதர திலகர் 1903இல் வெளியிட்ட நூலில், ஆதித் தாயகம் வடதுருவத்தை அடுத்த நாடே என்று வாதித்தார். ஆறு மாதம் பகலும் ஆறு மாதம் இரவுமாகத் தேவருக்கு ஒரு நாள் என்னும் புராணக் கணக்கும் அவருக்குத் துணையாயிற்று. திலகரின் கல்வியும் ஊக்கமும் போற்றத்தக்கன. ஆயினும் பொழுதை மாத்திரம் பிடித்துக்கொண்டு நிலத்தையும் கருப்பொருளையும் அவர் கைநழுவ விட்டார் என்றே சொல்லவேண்டும். அவர் கொள்கையை வீழ்த்த வேறு படை வேண்டியதில்லை. ஒரு தேனீ போதும்.

தேனுக்குரிய சொல் இக்குடும்பத்தில் மிகப் பரவலானது. சமஸ்கிருதத்தில் மது, ருசியத்தில் மியோத், லித்துவேனியத்தில் மெதுஸ், தேனிலிருந்து காய்ச்சிய கள்ளுக்கு ஆங்கிலத்தில் மீட், கிரேக்கத்தில் மதுவகைக்கு மெது. சீனாவின் மேற்கெல்லையிலுள்ள தாரிம் பாலைவனத்தில் ஒருகாலத்தில் வழங்கி, இறந்தொழிந்த தொகாரிய மொழியில் மித் என்று வரும். அதனைக் கடன்கொண்டே சீனர் தேனை மீ என்கின்றனர். வடமொழி மது தேய்ந்து தேய்ந்து சிங்களத்திலும் மீ என்றே ஆயிற்று. இரு வேறு வழிகளில் நடந்து, ஒரே ஓசையில் வந்து நின்ற விந்தை இது. தேனை இவ்வளவு நன்றாக அறிந்த மக்கள் வாழ்ந்த நாட்டில் தேனீ இருந்திருத்தல் வேண்டும். துருவத்தில் தேனீ இல்லை. உரால் மலைக்குக் கிழக்கே சைபீரியாவிலும் அது இயற்கையாக வாழவில்லை. 18ஆம் நூற்றாண்டில்தான் மனிதர் அதனை அங்கே கொண்டுசென்றனர். எனவே துருவமும் சைபீரியாவும் பட்டியலிலிருந்து நீங்குகின்றன.

தெற்கெல்லையையும் இவ்வாறே வரையலாம். யானை, சிங்கம், புலி, மூங்கில், நெல், பனை, தென்னை ஆகியவற்றுக்கு இக்குடும்பம் முழுவதற்கும் பொதுவான சொல் இல்லை. வேதகால மக்கள் யானையைக் கண்டபோது கையுடைய விலங்கு என்று பொருள்படும் ஹஸ்தி என்னும் பெயரையே புதிதாய்ப் புனைந்தனர். புதியதைக் கண்டவன் அதன் உறுப்பைச் சுட்டிப் பெயரிடுவது இயல்பு. யானையோடு தொன்றுதொட்டு வாழ்ந்த தமிழனுக்கோ களிறு, பிடி, வேழம், கைம்மா எனப் பெயர்கள் மலிந்து கிடந்தன. கடலுக்கும் இதே நிலை. மேற்குக் கிளைகளில் மாரே, மோரே என ஒரு சொல் நீர்நிலைக்கும் கடலுக்கும் வழங்க, இந்தியக் கிளையோ நீர் ஒன்றுசேர்வது எனப் பொருள்படும் சமுத்திரம் என்னும் பெயரைத் தானே ஆக்கிக்கொண்டது. கடல், ஆழி, பரவை, முந்நீர் என்று அடுக்கும் மொழியையும், வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று திசைக்கொரு காற்றுக்குப் பெயர் வைத்திருக்கும் திருகோணமலைக் கரையையும் அறிந்தவர்க்கு, அந்தத் தாய்மொழி கடற்கரையிற் பிறந்ததன்று என்பது புலனாகும்.

மரங்களுள் பூர்ஜம் ஒன்று சிறந்த சாட்சி. வெண்பட்டை கொண்ட இம்மரத்துக்கு ஆங்கிலத்தில் பேர்ச், ருசியத்தில் பெர்யோசா, லித்துவேனியத்தில் பேர்சஸ் என்று பெயர். வடபுலத்துக் குளிர்க்காடுகளின் மரமாகிய இதன் பெயர் இந்தியாவில் மாத்திரம் அழியாது நின்றமைக்குக் காரணம், இமயச் சாரலிலும் அம்மரம் வளர்வதே. அதன் பட்டையில் காசுமீரத்தார் நூல் எழுதினர். வரும் வழியில் கைவிட்ட மற்ற மரங்களின் பெயர்களெல்லாம் மறைய, புதிய நாட்டிலும் எதிர்ப்பட்ட மரத்தின் பெயர் மட்டும் பிழைத்தது.

இத்துணையும் கேட்டபின், இந்நெறி எளியதென்று தோன்றலாம். இடறுமிடம் இனித்தான் வருகின்றது. பீச் எனப்படும் மரத்தின் பெயர் இலத்தீனிலும் ஜெர்மானிய மொழிகளிலும் ஒத்திருப்பதையும், அம்மரம் பால்டிக் கரையிலுள்ள கொனிக்ஸ்பேர்க்கிலிருந்து கருங்கடற்கரை ஒடெசா வரை இழுத்த கோட்டுக்குக் கிழக்கே வளர்வதில்லை என்பதையும் கொண்டு, தாயகம் நடு ஐரோப்பாவே என்று பலர் அடித்துக் கூறினர். கிரேக்கத்தில் அதே சொல் கருவாலி மரத்தைக் குறித்தல் அவர்களைத் தடுக்கவில்லை. லக்ஸ் என்னும் மீன் பெயரைக் கொண்டு, அது அத்திலாந்திக் சால்மன் ஏறும் பால்டிக் ஆறுகளின் மீனே என்றனர். 1908இல் தொகாரிய மொழியை அறிஞர் படித்தறிந்தபோது, பாலைவனத்தின் நடுவே அச்சொல் வெறுமனே மீன் என்ற பொருளில் வழங்கியமை தெரிந்தது. கருங்கடலிலும் கஸ்பியன் கடலிலும் விழும் ஆறுகளில் அவ்வினத்து மீன்கள் வாழ்வதும் நினைவுக்கு வந்தது. சால்மன் வாதம் அத்தோடு தளர்ந்தது.

மக்கள் பெயரும்போது சொல்லையும் உடன் கொண்டு செல்கின்றனர். சென்ற இடத்தில் பழைய பொருள் இல்லையாயின், அதனை ஒத்த வேறொன்றுக்கு அப்பெயரைச் சூட்டுகின்றனர். வேறு நிலத்துப் பூவும் புள்ளும் வந்து தோன்றுமாயின், அவற்றை வந்து சேர்ந்த நிலத்துக்கே உரியனவாகக் கொள்ளலாம் என்னும் கருத்தைத் தொல்காப்பியர் சொல்லியிருக்கின்றார். திணை மயக்கத்தை ஒப்புக்கொள்ளாத நெறி, மரத்தையும் மீனையும் நம்பிக் கெடும். இதற்கு எடுத்துக்காட்டு இலங்கைத் தமிழரிடமே உண்டு. பனி என்பது இங்கே மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளி. சற்றுக் கூடினால் மூடுபனி. 1983க்குப் பின்னர்ப் பெருந்தொகையாகக் கனடாவுக்குச் சென்ற தமிழர், முழங்காலளவு குவியும் வெண்பொருளைக் கண்டபோது, அதற்கும் பனி என்றே பெயரிட்டனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வேறு ஆவணம் எதுவுமின்றி அவர்தம் சொற்களை மட்டும் ஆராயும் ஒருவர், தமிழின் பிறப்பிடம் பனிநாடே என்று முடிவு கட்டினால், அவரைக் குறைசொல்ல இயலுமா? சொல் இல்லாமையைக் கொண்டு முடிவு செய்வது இதனினும் இடர் மிக்கது. பசுவுக்கு இந்தோ-ஐரோப்பிய மொழிகளிற் பொதுச்சொல் உண்டு. பாலுக்கோ எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான ஒரே சொல் இல்லை. அம்மக்கள் பசுவை வளர்த்துப் பாலைக் கறவாது விட்டனர் என்று எவரும் சொல்லார்.

ஆதலின், ஒற்றைச் சொல்லை நம்பாது, சொற்களின் தொகுதியையும் அயல்மொழிகளோடு கொண்ட உறவையும் மண்ணிலிருந்து எடுத்த பொருள்களையும் ஒருங்கே நோக்கும் முறை வளர்ந்தது. சக்கரத்துக்கும் அச்சுக்கும் உரிய சொற்கள் பெரும்பாலான கிளைகளில் ஒத்துள்ளன. சமஸ்கிருதச் சக்ரமும் கிரேக்கக் குக்லோசும் ஆங்கில வீலும் ஒரு தாய் மக்கள். சக்கர வண்டி கி.மு. 3500 அளவிற்றான் உலகில் தோன்றிற்று என்பது அகழாய்வு தரும் செய்தி. எனவே அக்கிளைகள் அதற்கு முன்பு முற்றாகப் பிரிந்திருத்தல் அரிது. இன்னும், வடக்கே காட்டு நிலத்தில் வாழ்ந்த பின்லாந்து இனத்தார் நூறைச் சத என்கின்றனர். அது அவர் மொழிக்குரியதன்று. பழைய இந்தோ-ஈரானியரிடம் பெற்ற கடன். இலங்கையில் ஒரு ரூபாயின் நூறிலொரு பங்குக்கு வழங்கும் சதம் என்னும் பெயரும் அச்சொல்லின் வழி வந்ததே. உரால் மலையடுத்த காடுகளின் மக்களும், இந்தோ-ஈரானிய மொழியினரும் ஒருகாலத்தில் அயலவராய் வாழ்ந்தனர் என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுமோ?

குளிர்காலம் உண்டு, பெருங்கடல் இல்லை. பூர்ஜமும் தேனீயும் உண்டு, யானையும் பனையும் இல்லை. குதிரையும் வண்டியும் மந்தையும் உண்டு. வடக்கே காட்டுமக்கள் அயலிலுள்ளனர். இவை யாவும் பொருந்தும் நிலம் கருங்கடலுக்கும் கஸ்பியன் கடலுக்கும் வடக்கே விரிந்துள்ள புல்வெளியே என்று ஒட்டோ ஷ்ராடர் 19ஆம் நூற்றாண்டிலேயே கருதினார். 1956இல் மரியா கிம்புதாஸ் அம்மையார், அப்புல்வெளியிலுள்ள கூர்கன் எனப்படும் புதைமேடுகளைச் சான்றாகக் காட்டி இக்கருத்துக்கு வலிமை தந்தார். தோன், நீப்பர், நீஸ்டர், தனூப் என்னும் அந்நாட்டு ஆறுகளின் பெயர்களில் ஆறு என்று பொருள்படும் தானு என்ற பழைய ஈரானியச் சொல் ஒளிந்திருப்பதாக அறிஞர் கூறுவர். 1987இல் கொலின் ரென்பிரூ, துருக்கியின் அனத்தோலியா நாட்டு முதல் உழவரே இம்மொழியைப் பரப்பினர் என எதிர்வாதம் தொடுத்தார். நெடுங்காலம் இருதரப்பும் சமநிலையில் நின்றன.

2015இல் பண்டைய எலும்புகளிலிருந்து எடுத்த பரம்பரையலகுகளை ஆராய்ந்தோர், கி.மு. 3000ஐ அடுத்த காலத்தில் யம்னயா எனப்படும் புல்வெளிப் பண்பாட்டு மக்களின் வழித்தோன்றல்கள் ஐரோப்பாவிற் பெருந்தொகையாகப் புகுந்தமையை எடுத்துக்காட்டினர். அதே புல்வெளி வழிமரபு கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் தென்னாசியாவை அடைந்தமையை 2019இல் வெளியான ஆய்வு புலப்படுத்திற்று. இன்றைய வீட்டுக் குதிரையின் மூதாதைகள் வொல்கா, தோன் ஆறுகளின் கீழ்ப்பகுதியில் தோன்றியமை 2021இல் தெரியவந்தது. எனினும் வழக்கு முற்றாக முடிந்துவிடவில்லை. 2023இல் சொற்றொகுதிகளைக் கணித முறையால் ஆராய்ந்த குழுவினர், தாய்மொழி ஏறத்தாழ 8100 ஆண்டுகளுக்கு முற்பட்டதென்றும், அதன் முதலிடம் காக்கசு மலைக்குத் தெற்கே என்றும், புல்வெளி இரண்டாம் தாயகமே என்றும் கூறினர். 2025இல் வெளிவந்த பரம்பரையலகு ஆய்வோ காக்கசுக்கும் கீழ் வொல்காவுக்கும் இடையே வாழ்ந்த மக்களையே ஹித்தைத்து முதலிய அனத்தோலிய மொழிகளுக்கும் ஏனையவற்றுக்கும் பொது ஊற்றாகக் காட்டுகின்றது. இவற்றுள் பிந்தியதே சொல்லின் சான்றோடும் நிலத்தின் சான்றோடும் நன்கு பொருந்துகின்றது. எதுவாயினும், சண்டை இன்று காக்கசு மலைக்கு வடக்கா, தெற்கா என்னும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. துருவமும் ஜெர்மனியும் சிந்துவெளியும் கல்கத்தா உரை எழுந்த காலத்தைப் போல இன்று சமபங்காளிகள் அல்ல.

அப்புல்வெளியின் சொல் இந்தத் தீவுக்கு வந்த வழியிலும் நிலமும் காற்றுமே ஆட்சி செய்தன. வடஇந்தியாவெங்கும் பரவிய இந்திய-ஆரிய மொழி, தக்கணத்தின் தென்பாதியிலே நின்றுவிட்டது. நெல்லும் குளமும் ஊரும் அமைந்து உறுதிபெற்ற தமிழ் முதலிய மொழிகளின் நிலம் அது. ஆயினும் அதற்கும் தெற்கே சிங்களமும் மாலைதீவின் திவேகியும் இந்திய-ஆரிய மொழிகளாய் நிற்பானேன்? தரைவழியில் தடைப்பட்டது கடல்வழியில் தாவிற்று. பருவக்காற்றைப் பிடித்துப் பாய்விரித்த கலங்களிலேயே அது வந்தது. குடியேறியோரின் முதல் நாடு குஜராத்தா வங்காளமா என்று கைகர் முதலியோர் ஒருபக்கமும் ஷகிதுல்லா முதலியோர் மறுபக்கமும் நின்று வாதிட்டனர். கி.மு. 3ஆம் நூற்றாண்டு தொடக்கம் மலைக்குகைகளில் பொறிக்கப்பட்ட பிராமி எழுத்துக்கள் இம்மொழியின் பழைய வடிவத்தைக் காட்டுகின்றன. அக்காலத்துக் கல்வெட்டுகளிலேயே தமேட என்ற பெயரால் தமிழ் வணிகரும் இடம்பெறுகின்றனர்.

திருகோணமலைக்கு வடக்கே திரியாயில் 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கணிக்கப்படும் பாறைக் கல்வெட்டு ஒன்றுண்டு. அதன் மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ நாட்டுக் கிரந்தம், சமயம் பௌத்தம். புல்வெளியிலே வேர்கொண்ட மொழியைத் தமிழ்நாட்டில் வளர்ந்த எழுத்தால் இலங்கைப் பாறையிலே வெட்டியவன், தான் எந்த இனத்தவன் என்று அதில் எழுதி வைக்கவில்லை. அக்காலத்தில் அவ்வினாவை எவரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

பிற்காலத்திலே கேட்டனர். மொழிக்குடும்பத்தின் பெயராகப் பிறந்த ஆரியம், ஐரோப்பாவில் குருதியின் பெயராகத் திரிந்து விளைத்த கேட்டை உலகம் அறியும். சொல்லாராய்ச்சி செய்த மாக்ஸ் முல்லரே 1888இல், ஆரியக் குருதி என்று பேசும் இனவியலார், மண்டையோட்டின் வடிவால் அகராதியை வகைப்படுத்தும் மொழியியலாரைப் போலப் பெரும்பிழை செய்கின்றனர் என்ற கருத்தில் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை இலங்கைக்கு வந்து சேரவில்லை; ஆரியர், திராவிடர் என்னும் பெயர்கள் மாத்திரம் வந்து சேர்ந்தன. 20ஆம் நூற்றாண்டில் அவை பாடநூலிலும் மேடையிலும் இரு குருதிகளின் பெயர்களாக முழங்கின. இன்றைய பரம்பரையலகு ஆய்வோ சிங்களவரும் இலங்கைத் தமிழரும் ஒருவருக்கொருவர் மிக நெருங்கியவர் என்றே காட்டுகின்றது. சிங்களத்தின் ஒலியமைப்பும் தொடரமைப்பும் அயலிலுள்ள தமிழின் சாயலை ஏற்றிருப்பதை மொழியறிஞரும் முன்பே கண்டிருந்தனர்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர், வாகரைப் பகுதிகளில் கரையோர வேடர் வாழ்கின்றனர். 1911இல் வேடரைப் பற்றி விரிவான நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியினர் இவர்களையும் கண்டு எழுதினர். தீவின் மிகத் தொன்மையான குடிகளின் வழிவந்த இம்மக்கள், கரையிலே மீன் பிடித்தும் சேனை செய்தும் தமிழரோடு கலந்து வாழ்ந்து, தமிழையே தாய்மொழியாகக் கொண்டனர். மகாவலியின் மேற்புறக் காடுகளிலும் பிந்தனைப் பகுதியிலும் வாழும் இவர்தம் இனத்தார் சிங்களத்தோடு கலந்து அதன் வழிப்பட்ட மொழியைப் பேசலாயினர். ஒரே முன்னோரின் பிள்ளைகள், ஆற்றின் தலைப்புறத்தில் இந்தோ-ஐரோப்பிய மொழியினராகவும், ஆற்றின் வாய்ப்புறத்தில் திராவிட மொழியினராகவும் இருக்கின்றனர். புல்வெளியில் குதிரை ஓட்டியவரும் இவரல்லர். தக்கணத்தில் ஆநிரை மேய்த்தவரும் இவரல்லர்.

வேடர்க்குத் தொன்றுதொட்டு உரிய தொழில்களுள் தேனெடுத்தல் தலையாயது. கோடையிலே பாறை இடுக்கிலும் மரப்பொந்திலும் கூடு தேடிப் புகையிட்டு அடையை அறுப்பர். சிங்களம் பேசும் காட்டுவேடர் தாம் எடுத்ததை மீ பெணி என்பர். வொல்கா ஆற்றங்கரையிலே முதல் ஒலித்த சொல்லின் எச்சம் அது. வெருகலிலுள்ள வேடர் அதனைத் தேன் என்பர்.